விடுதலை ஆனார்கள், வெளியே வரவில்லை!

ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதர் தெற்கே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏன் தெற்கே பார்க்கிறார் என்று கேட்டால், அந்த ஊர்ப் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள்.

இலங்கை அரசன் ராவணனின் தம்பி விபீஷணன். அண்ணனுக்கு நல்ல புத்தி சொன்னான். அண்ணன் கேட்கவில்லை, விரட்டிவிட்டான். விபீஷணன் கடல் தாண்டி இந்தக் கரைக்கு வந்து, ராமரிடம் அடைக்கலம் கேட்டான்.

"இவன் பகைவனின் தம்பி. வேவு பார்க்க வந்திருப்பான். சேர்க்கக்கூடாது" என்றான் சுக்ரீவன். "பார்த்தால் நல்லவனாகத் தெரிகிறது. சேர்த்துக்கொள்ளலாம்" என்றான் அனுமன். இரண்டு பேர் சொன்னதையும் ராமர் கேட்டார். கடைசியில் வந்தவனை ஏற்றுக்கொண்டார்.

போர் முடிந்தது. ராமர் கொடுத்த பெருமாளை எடுத்துக்கொண்டு விபீஷணன் ஊருக்குப் புறப்பட்டான். வழியில் காவிரிக் கரையில் இறக்கி வைத்தான். திரும்ப எடுக்கப் பார்த்தால் அசையவில்லை! அழுதவனைப் பெருமாள் தேற்றினார். "நான் இங்கேயே இருக்கிறேன். உன் இலங்கையைப் பார்த்தபடியே இருக்கிறேன்" என்றாராம்.

இது புராணம். ஆனால் "கடல் தாண்டி வந்தவனை என்ன செய்வது?" என்ற கேள்வி புராணத்தோடு முடிந்துவிடவில்லை. அந்தக் கேள்விக்கு இந்தக் காலத்துச் சட்டம் சொல்லும் பதிலைப் பார்க்க வேண்டுமா? ஸ்ரீரங்கத்தில் இருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி, திருச்சி நகரத்தைக் கடந்து, விமான நிலையம் போகும் சாலையில் போக வேண்டும். வழியில் மத்திய ஜெயில் இருக்கிறது. அந்த ஜெயில் வளாகத்திலேயே ஒரு தனி இடம் இருக்கிறது. அதன் பெயர் "சிறப்பு முகாம்".

ஜெயில் மாதிரி, ஆனால் ஜெயில் அல்ல!

சிறப்பு முகாமில் வைக்கப்படுகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். இலங்கைத் தமிழர்களே முக்கியமானவர்கள். வங்காளதேசம், நைஜீரியா போன்ற நாடுகளைச் சேர்ந்தவர்களும் இங்கே வைக்கப்பட்டது உண்டு.

இவர்கள் எப்படி இங்கே வருகிறார்கள்?

ஒருவர் மேல் ஒரு வழக்கு வருகிறது. பாஸ்போர்ட்டு வழக்காக இருக்கலாம். படகில் ஆள் கடத்திய வழக்காக இருக்கலாம். போலீசார் பிடித்து ஜெயிலில் அடைக்கிறார்கள். சில மாதம் கழித்துக் கோர்ட்டு ஜாமீன் கொடுக்கிறது. அல்லது தண்டனை முடிந்துவிடுகிறது. அல்லது "குற்றவாளி அல்ல" என்றே தீர்ப்பு வந்துவிடுகிறது.

நம் ஊர்க்காரராக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார். வெளிநாட்டுக்காரருக்கு அப்படி அல்ல. ஜெயில் வாசலிலேயே இன்னொரு உத்தரவு காத்திருக்கக்கூடும். "நீ இன்ன முகாமில் தங்க வேண்டும்" என்று அதில் எழுதியிருக்கும். அது கோர்ட்டு உத்தரவு அல்ல, சர்க்கார் உத்தரவு.

முகாமுக்குள் கைதி உடை கிடையாது. சாப்பாட்டுக்குப் படி உண்டு. அவர்களே சமைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியே போக முடியாது. சுற்றிலும் போலீஸ் காவல்.

"இது ஜெயில் அல்ல. நடமாட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு. அவ்வளவுதான்" என்பது சர்க்கார் வாதம். அந்த வாதத்தை ஐகோர்ட்டு ஏற்றுக்கொண்ட தீர்ப்புகளும் உண்டு.

ஜெயிலுக்கும் முகாமுக்கும் இன்னும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஜெயில் கைதியிடம் "எப்போது விடுதலை?" என்று கேளுங்கள். தேதி சொல்வார். சுவரில் கோடு போட்டு நாளை எண்ணுவார். முகாமில் இருப்பவரிடம் கேட்டால் பதில் வராது. அவருக்குத் தெரியாது. அவரைக் காவல் காக்கிறவருக்கும் தெரியாது!

ஒரே வழக்கு; இரண்டு வாசல்

1991-ம் ஆண்டு மே மாதம் 21-ந்தேதி ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். அவரோடு பல குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் பெற்றோரையும் பறிகொடுத்தன. அந்தக் கொடுமையை நாடு மறக்கவில்லை.

அந்த வழக்கில் தண்டனை பெற்றவர்களில் ஆறு பேரை 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் 11-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. நளினி, முருகன், சாந்தன், ராபர்ட் பயாஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் ஆகிய ஆறு பேர். முப்பது ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்தவர்கள்.

ஆறு பேருக்கும் ஒரே உத்தரவு. ஆனால் வாசல் இரண்டாகப் பிரிந்தது.

நளினியும் ரவிச்சந்திரனும் இந்தியப் பிரஜைகள். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மற்ற நான்கு பேரும் இலங்கைக்காரர்கள். அவர்களைப் போலீஸ் வண்டி திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுவந்தது. நளினியின் கணவர்தான் முருகன். மனைவி வெளியே, கணவர் முகாமுக்குள்!

சாந்தனுக்கு யாழ்ப்பாணத்தில் வயதான தாய் இருந்தார். மகனை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று காத்திருந்தார். சாந்தனும் ஊருக்கு அனுப்பும்படி கேட்டார். ஆனால் போவதற்கு அந்த நாடு பயணப் பத்திரம் தர வேண்டும். இந்த நாடு வெளியேறும் அனுமதி தர வேண்டும். காகிதம் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்குள் சாந்தனின் கல்லீரல் கெட்டுவிட்டது. திருச்சியில் இருந்து சென்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அனுமதி வந்தது. அந்த அனுமதியோடு அவர் விமானம் ஏறவில்லை. பிப்ரவரி 28-ந்தேதி காலையில் ஆஸ்பத்திரியிலேயே உயிர் பிரிந்தது. தாய் பார்த்தது மகனின் உடலைத்தான்.

மற்ற மூன்று பேரும் 2024 ஏப்ரல் 3-ந்தேதி கொழும்புக்கு விமானம் ஏறினார்கள். கோர்ட்டு விடுதலை செய்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே பதினாறு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது.

அவர்கள் செய்தது பெரிய குற்றம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கான தண்டனையைக் கோர்ட்டு கொடுத்தது, முடித்தும் வைத்தது. அதற்குப் பிறகு வந்த பதினாறு மாதம் எந்தக் குற்றத்துக்கு? அதைத்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் போட்ட சட்டம்

இந்தப் பூட்டுக்குப் பெயர் "அயல்நாட்டவர் சட்டம்". 1946-ம் ஆண்டு வெள்ளைக்கார ஆட்சி போட்டது. இரண்டாவது உலகப் போர் நடந்த காலத்தில் அவசரமாக வந்த சட்டத்தின் வாரிசு அது. எதிரி நாட்டு ஆள் ஊருக்குள் நடமாடுகிறானோ என்ற பயத்தில் பிறந்தது. வெளிநாட்டுக்காரரை "இங்கேதான் இருக்க வேண்டும்" என்று சொல்ல அதில் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. எவ்வளவு காலம் என்று அதில் எல்லை போடவில்லை.

இன்னொரு விசேஷமும் உண்டு. திருட்டு வழக்கில், திருடினான் என்று போலீஸ்தான் நிரூபிக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் அது தலைகீழ். "நான் வெளிநாட்டான் அல்ல" என்று பிடிபட்டவரே நிரூபிக்க வேண்டும்!

2025-ம் ஆண்டு பாராளுமன்றம் புதிய சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் மாதம் 1-ந்தேதி அது அமலுக்கு வந்தது. பழைய சட்டங்கள் நான்கை அது ரத்து செய்தது. பாஸ்போர்ட்டு, விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது.

அதோடு ஒரு சலுகையும் வந்தது. 2015 ஜனவரி 9-ந்தேதி வரை இந்தியாவில் அடைக்கலம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தண்டனைகளில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது. முகாம் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் தண்டனை இல்லை என்பது வேறு. பிரஜை ஆவது வேறு. அந்த இரண்டாவது கதவு திறக்கவில்லை.

சர்க்கார் பயத்துக்கும் காரணம் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

1995-ம் ஆண்டு வேலூர்க் கோட்டையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த விடுதலைப் புலிகள் 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். 2022-ல் திருச்சி முகாமிலேயே தேசியப் புலனாய்வுப் போலீசார் சோதனை போட்டார்கள். போதை மருந்து, ஆயுதக் கடத்தல் வழக்கில் அங்கே இருந்த சிலரைக் கைது செய்தார்கள். எல்லையைக் காப்பதும், யார் வருகிறார்கள் என்று பார்ப்பதும் எந்த சர்க்காருக்கும் கடமைதான்.

சுப்ரீம் கோர்ட்டே இதில் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. இலங்கைத் தமிழர் ஒருவர், தண்டனை முடிந்த பிறகும் ஏறக்குறைய மூன்று ஆண்டாக முகாமில் இருந்தார். "மனைவி மக்கள் இங்கே இருக்கிறார்கள். ஊருக்குப் போனால் உயிருக்கு ஆபத்து" என்று முறையிட்டார். 2025 மே மாதம் அந்த மனுவை விசாரித்த நீதிபதி, உலகத்து அகதிகளை எல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றார். மனு தள்ளுபடி ஆனது.

அதே ஆண்டு பிப்ரவரியில் அசாம் வழக்கு ஒன்று வந்தது. அங்கே மாட்டியா என்ற ஊரில் பெரிய தடுப்பு முகாம் இருக்கிறது. அதில் 63 பேரை நாடு கடத்தாமலே வைத்திருந்தார்கள். "முகூர்த்தம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்டார். ஒருவர் வெளிநாட்டவர் என்று முடிவானால் அனுப்பிவிட வேண்டும். காலம் எல்லாம் அடைத்து வைக்க முடியாது என்றது கோர்ட்டு.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குச் சத்திரம் புதிது அல்ல. சத்திரத்தில் இடம் இல்லை என்றால் "வேறு இடம் பாருங்கள்" என்பார்கள். யாரையும் உள்ளே வைத்துப் பூட்டமாட்டார்கள்!

திருச்சியில் ஒரு பழைய ஆபீஸ்

திருச்சிக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு இன்றைக்கு நேற்று வந்தது அல்ல. 1904-ம் ஆண்டு இலங்கைத் தோட்ட முதலாளிகளின் சங்கம் திருச்சியில் ஒரு ஆபீஸ் திறந்தது. அதன் பெயர் "சிலோன் லேபர் கமிஷன்". பெயரைக் கேட்டால் சர்க்கார் இலாகா மாதிரி இருக்கும். ஆனால் அதைத் தொடங்கியவர்கள் தேயிலை, ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்கார முதலாளிகள்.

திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை ஜில்லாக்களின் கிராமங்களில் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். சேர்ந்தவருக்கு ஒரு தகர வில்லை கொடுப்பார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்று அதில் அடையாளம் இருக்கும். அதுதான் அன்றைய பாஸ்போர்ட்டு!

ராமேசுவரம் போகும் வழியில் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. இடம் இந்தியாவில், நடத்தியது இலங்கை சர்க்கார். காலரா, அம்மை, பிளேக் வியாதி இருக்கிறதா என்று பார்க்கப் பல நாள் அங்கே நிறுத்திவைப்பார்கள். அம்மை குத்துவார்கள். பிறகுதான் கப்பல். வழிச் செலவு எல்லாம் கூலியின் தலையில் கடனாக ஏறும். கடன் தீர்ந்தது என்று எழுதிய "துண்டு" இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-ல்தான் இந்தத் துண்டு முறை ஒழிந்தது.

இவர்கள் உழைப்பால் மலைக்காடு தேயிலைத் தோட்டம் ஆனது. இலங்கை சுதந்திரம் அடைந்ததும், 1948-ல் வந்த சட்டம் இவர்களை நாடு இல்லாதவர்கள் ஆக்கிவிட்டது. 1964-ல் நம் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேரை இலங்கை ஏற்பது. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. ஆடு மாடு பங்கு பிரிப்பதைப் போல ஆளைப் பங்கு பிரித்தார்கள்!

1983-ல் இலங்கையில் கலவரம் மூண்டது. படகுகள் மண்டபத்துக்கு வந்தன. பல ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்களில் மலையகத் தமிழர்களும் இருந்தார்கள். தாத்தா வில்லை கட்டிப் போன அதே மண்டபத்தில், பேரன் அகதி அட்டை வாங்கினான்.

அப்படி வந்தவர்களில் 65 பேர், திருச்சி கொட்டப்பட்டு உள்ளிட்ட முகாம்களில் இருந்தவர்கள், ஐகோர்ட்டு மதுரைக் கிளைக்குப் போனார்கள். "எங்கள் முன்னோர்கள் இந்த மண்ணில் இருந்து போனவர்கள். எங்களுக்குக் குடியுரிமை வேண்டும்" என்றார்கள். 2019 ஜூன் மாதம் அவர்கள் மனுவைப் பரிசீலிக்கும்படி கோர்ட்டு சொன்னது. முன்னோர்களை அனுப்பிவைத்த ஆபீஸ் இருந்த அதே திருச்சியில், அவர்கள் வாரிசுகள் "வெளிநாட்டவர்"!

ஆளுக்கு இத்தனை டாலர்

திருச்சி முகாமின் சாவி சர்க்கார் கையில் இருக்கிறது. வேறு சில நாடுகளில் அந்தச் சாவியையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1983-ல் ஒரு ஜெயில் கம்பெனி தொடங்கினார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் பாதைஓரத்து ஓட்டல் ஒன்றை எடுத்து, சுற்றிலும் வேலி போட்டு, அனுமதி இல்லாமல் வந்தவர்களை அடைத்ததுதான் அதன் முதல் வேலை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்று சர்க்கார் பணம் கொடுத்தது. கம்பெனி வளர்ந்தது. போட்டிக் கம்பெனிகளும் வந்தன. இன்று அந்த நாட்டில் குடியேற்ற வழக்கில் அடைக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோர் தனியார் காவலில்தான் இருக்கிறார்கள்.

ஓட்டலில் அறை காலியாக இருந்தால் முதலாளிக்கு நஷ்டம். ஜெயிலை ஓட்டல் மாதிரி நடத்தினால் என்ன ஆகும்? 2010-ல் அரிசோனா மாநிலம் ஒரு கடுமையான சட்டம் போட்டது. சந்தேகப்பட்ட ஆளிடம் "நீ எந்த நாட்டான்? காகிதத்தைக் காட்டு" என்று போலீஸ் கேட்க வேண்டும் என்றது. அந்தச் சட்டத்தின் நகல் உருவான கூட்டத்தில் ஜெயில் கம்பெனி ஆட்களும் இருந்தார்கள் என்று அமெரிக்க வானொலி ஒன்று செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. 2012-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டத்தின் மூன்று பகுதிகளைச் செல்லாது என்றது. ஆனாலும் மக்கள் மனதில் எழுந்த கேள்வி போகவில்லை. ஆளை அடைத்தால் லாபம் என்றால், ஆளை விட யாருக்கு மனம் வரும்?

ஆஸ்திரேலியாவிலும் இந்த முகாம்களைக் கம்பெனிதான் நடத்தியது. இலங்கைத் தமிழ்த் தம்பதி ஒன்று அங்கே பிலோயிலா என்ற சிற்றூரில் குடியிருந்தது. அங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச் மாதம் விடியற்காலையில் அதிகாரிகள் வந்து நால்வரையும் அழைத்துப் போனார்கள். பிறகு நடுக்கடலில் உள்ள கிறிஸ்துமஸ் தீவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டு வைத்தார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் அண்டை வீட்டுக்காரர்களைத் திருப்பிக் கொடுங்கள்" என்று விடாமல் கேட்டார்கள். 2022 ஜூன் மாதம் அந்தக் குடும்பம் ஊர் திரும்பியது. நிரந்தரமாகத் தங்க அனுமதியும் கிடைத்தது.

கொட்டப்பட்டில் ஒரு ஓட்டு

திருச்சியிலும் ஒரு நல்ல சேதி உண்டு.

இந்தியாவில் 1950 ஜனவரி 26-ந்தேதி முதல் 1987 ஜூலை 1-ந்தேதிக்கு முன் பிறந்த யாரும் பிறப்பால் இந்தியப் பிரஜை என்கிறது சட்டம். பெற்றோர் எந்த நாட்டவர் என்று அது கேட்பது இல்லை. கொட்டப்பட்டு முகாமில் இருந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் மண்டபத்தில் பிறந்தவர். பாஸ்போர்ட்டு கேட்டார், கிடைக்கவில்லை. கோர்ட்டுக்குப் போனார். 2022 ஆகஸ்டு மாதம் ஐகோர்ட்டு மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பாஸ்போர்ட்டு வந்தது. வாக்காளர் அட்டையும் வந்தது.

2024 ஏப்ரல் 19-ந்தேதி பாராளுமன்றத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டுப் போட்டார். விரலில் மை! சிறப்பு முகாமில் இருந்து மூன்று பேர் கொழும்புக்குப் போனதும் அதே ஏப்ரல் மாதம்தான்.

அந்தப் பெண் பிறந்த நாள் முதலே பிரஜைதான். அதைச் சொல்ல ஒரு நீதிபதி வேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆனது.

ஒரு தேதி வேண்டும்

எல்லோரையும் திறந்துவிடு என்று யாரும் சொல்லவில்லை. நாட்டின் பாதுகாப்பை விட்டுவிடச் சொல்லவும் இல்லை. வேண்டியது மூன்றே மூன்று காரியம்.

முகாமில் வைக்கும் உத்தரவில் ஒரு முடிவுத் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதி வந்ததும், இன்னும் வைக்கத்தான் வேண்டுமா என்று ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். ஊருக்குப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய காகிதம் மேசையில் தூங்கக்கூடாது.

நம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. அந்தப் பாதுகாப்பு "பிரஜை"க்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. "எந்த நபருக்கும்" என்றுதான் எழுதியிருக்கிறது. வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும் என்று சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கிறது.

ராமர் விபீஷணனை விசாரிக்காமல் சேர்த்துக்கொள்ளவில்லை. சுக்ரீவன் சந்தேகத்தையும் கேட்டார். ஆனால் அன்றைக்கே ஒரு முடிவு சொன்னார். வந்தவனைக் கடற்கரையில் காத்திருக்க வைத்துவிட்டுப் போகவில்லை.

திருச்சி விமான நிலையத்தில் இருந்து கொழும்புக்கு விமானம் போகிறது. ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். முகாமில் இருப்பவருக்கும் அந்தச் சத்தம் கேட்கும். தன் நாள் எது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.